தொலைவிலிருந்து எரிமலையைக் கண்காணித்தல்: 1883 சென்னைத் துறைமுகப் பதிவு முதல் செயற்கைக்கோள் தொலையுணர்வு வரை

ஆய்வுச் சுருக்கம்

செயற்கைக்கோள் வழியே எரிமலைகளைக் கண்காணிப்பது 1960களில் தோன்றிய புதுத்துறையாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. ஓர் எரிமலையின் செயலை அதன் அருகில் செல்லாமலேயே கருவிகளால் அறியும் முயற்சி அதற்கு முற்பட்டது. 1883 ஆகஸ்டு 27இல் வெடித்த கிரகத்தோவா எரிமலையின் விளைவுகளைச் சுமார் 3,500 கி.மீ. தொலைவிலிருந்த சென்னை இரு வழிகளில் பதிந்தது. துறைமுகத்து ஓதமானி கடலலையைப் பதிந்தது. நிறமாலைமானி பச்சை நிறம் கொண்ட கதிரவனின் ஒளியை ஆராய்ந்தது. இவ்விரு பதிவுகளையும் பாரன் தீவு குறித்த செயற்கைக்கோள் ஆய்வுகளையும் 2004, 2018, 2022 ஆகிய ஆண்டுகளின் நிகழ்வுகளையும் இக்கட்டுரை ஒப்பிட்டு நோக்குகிறது. பதிவின் நுட்பம் பெருமளவு வளர்ந்துள்ளது. எனினும் பதிவு உரிய வேளையில் அறிவிப்பாக மாறுவதில் உள்ள இடைவெளி முழுமையாக நீங்கவில்லை என்பது இதன் முடிபு.

திறவுச் சொற்கள்: கிரகத்தோவா, சென்னைத் துறைமுகம், ஓதமானி, தொலையுணர்வு, பாரன் தீவு, ஆழிப்பேரலை, வடசென்னை.

முன்னுரை

வடசென்னைக் கரையில் எரிமலை இல்லை. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய ஊர்களின் வரலாறு துறைமுகம், தொடர்வண்டி, ஆலைகள், மீன்பிடித் தொழில் ஆகியவற்றோடே இணைத்துப் பேசப்படுகிறது. ஆயினும் இக்கரை நோக்கி நிற்கும் வங்கக் கடலின் கிழக்கு விளிம்பில் அந்தமான் முதல் சுமத்திரா, சாவகம் வரை எரிமலைத் தொடர் ஒன்று நீள்கிறது. அத்தொடரில் இந்தியாவின் ஒரே செயல்படும் எரிமலையான பாரன் தீவும் அடங்கும். சென்னையிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 1,470 கி.மீ. தொலைவில், அதாவது சென்னைத் துறைமுகத்திலிருந்து அந்தமானுக்குக் கப்பல்கள் செல்லும் திசையில், அத்தீவு அமைந்துள்ளது. எரிமலையும் இக்கரையும் ஒரே கடலால் இணைக்கப்பட்டவை என்பதே இவ்வாய்வின் தொடக்கப் புள்ளியாகும்.

1. துறைமுகமும் ஓதமானியும்

தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி நிலையம் 1856இல் இராயபுரத்தில் திறக்கப்பட்டது. அதற்குத் தெற்கே, அன்று மதராஸ் எனப்பட்ட சென்னையின் துறைமுகப் பணி 1875இல் தொடங்கியது. கடலுக்குள் நீண்ட இரு கற்சுவர்கள் எழுப்பப்பட்டு முடிவை நெருங்கிய நிலையில், 1881 நவம்பரில் வீசிய புயல் அவற்றைப் பெரிதும் சிதைத்தது. எனவே 1883இல் சென்னைத் துறைமுகம் சிதைவிலிருந்து மீண்டுகொண்டிருந்தது.

இந்திய நில அளவைத் துறை 1870களின் பிற்பகுதியிலிருந்து நாட்டின் கரையோரத் துறைகளில் ஓதமானிகளை நிறுவி வந்தது. மேஜர் ஏ. டபிள்யூ. பெயர்ட் இப்பணிக்குப் பொறுப்பேற்றிருந்தார். ஓதமானியின் அமைப்பு எளியது. கடலோடு தொடர்புடைய கிணறு போன்ற குழாயில் மிதவை ஒன்று மிதக்கும். நீர்மட்டம் ஏறி இறங்கும்போது மிதவையோடு இணைந்த எழுதுகோலும் நகரும். கடிகாரப் பொறியால் சுழலும் உருளையின் மேல் சுற்றிய தாளில் அது கோடு வரையும். காற்றால் எழும் சிற்றலைகள் கிணற்றுக்குள் அடங்கிவிடும். பல நிமிடங்களுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் நீண்ட அலைகள் மட்டுமே தாளில் தெரியும். கப்பல்களுக்கு ஓத அட்டவணை தயாரிப்பதே இக்கருவியின் நோக்கம். ஆயினும் நீண்ட அலைகளை மட்டும் வடித்தெடுக்கும் அதன் இயல்பு, ஆழிப்பேரலையைப் பதிவதற்கும் அதனைத் தகுதியாக்கியது.

1881 டிசம்பர் 31இல் நிக்கோபார்ப் பகுதியில் நேர்ந்த நிலநடுக்கம் எழுப்பிய அலைகளை வங்கக் கடலைச் சூழ்ந்த ஓதமானிகள் பதிந்தன. சென்னைக் கருவியும் அவற்றுள் ஒன்று. இருபது மாதங்களுக்குள் அதே கருவி மற்றொரு நீண்ட அலையைப் பதிந்தது. முதலாவது நிலநடுக்கத்தால் எழுந்தது. இரண்டாவது எரிமலையால் எழுந்தது. தாளில் இரண்டும் நீர்மட்ட ஏற்றவிறக்கங்களாகவே தெரிந்தன. ஓதமானி அலையைச் சொல்லும். அலைக்கான காரணத்தைச் சொல்லாது. இக்குறை பின்வரும் வரலாறு முழுவதிலும் வெவ்வேறு வடிவங்களில் தோன்றுகிறது.

2. 1883: கடலும் வானும் தந்த சான்றுகள்

சுமத்திராவுக்கும் சாவகத்துக்கும் இடைப்பட்ட சுண்டா நீரிணையில் உள்ள கிரகத்தோவா 1883 மே மாதத்தில் செயல்படத் தொடங்கியது. ஆகஸ்டு 27 முற்பகலில் அதன் உச்ச வெடிப்பு நிகழ்ந்தது. அன்றைய டச்சு அரசின் கணக்கின்படி 36,417 பேர் இறந்தனர். பெரும்பாலோர் கடலலையால் மாண்டனர். இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதியில், ஏறத்தாழ 4,800 கி.மீ. தொலைவிலுள்ள ரொட்ரிக்ஸ் தீவிலும் வெடியோசை கேட்டது. இலங்கையின் கிழக்குக் கரையில் பாணமையில் அலையால் ஒரு பெண் உயிரிழந்ததாகப் பதிவு உண்டு.

சென்னையில் அலை சிறியதாகவே இருந்தது, உயிர்ச்சேதம் நேரவில்லை. துறைமுக ஓதமானியின் தாளில் வழக்கமான ஓதக் கோட்டின் மீது ஏற்றவிறக்கங்கள் பதிந்தன. நாகப்பட்டினம், விசாகப்பட்டினம், போர்ட் பிளேர் முதலிய இடங்களின் தாள்களிலும் இத்தகைய பதிவுகள் இருந்தன. இவற்றை ஒப்பிட்டு அலையின் புறப்பாடு, வேகம், வருகை நேரம் ஆகியவற்றைக் கணித்த பெயர்டின் அறிக்கை 1884இல் இலண்டன் ராயல் கழகத்தின் வெளியீட்டில் வந்தது.

இரண்டாம் சான்று வானத்திலிருந்து கிடைத்தது. 1883 செப்டம்பரில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் காலை, மாலை வேளைகளில் கதிரவன் பச்சையாகவும் நீலமாகவும் தோன்றியது. அக்காலத்தில் துறைமுகத்துக்கு அருகில் இயங்கிய சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் சார்லஸ் மிச்சி ஸ்மித் அவ்வொளியை நிறமாலைமானியால் ஆராய்ந்தார். பின்னாளில் கோடைக்கானல் கதிரவ ஆய்வகத்தை உருவாக்கியவரும் இவரே. நிறமாலையின் சிவப்பு முனையில் ஒளி வலுவாக உட்கவரப்பட்டிருந்ததையும், நீராவிக்குரிய கோடுகள் மிகுந்திருந்ததையும் அவர் குறித்தார். ஒளியின் அலைநீளத்தைவிடச் சற்றுப் பெரியனவாகவும் ஏறத்தாழ ஒரே அளவினவாகவும் உள்ள துகள்கள் வானில் செறியும்போது, நீலத்தைவிடச் சிவப்பு ஒளி மிகுதியாகச் சிதறும். கதிரவன் பச்சையாகவோ நீலமாகவோ தோன்றுவதற்கு இன்று தரப்படும் விளக்கம் இது.

மிச்சி ஸ்மித்தின் ஆய்வுமுறை இங்குக் கருதத்தக்கது. வளிமண்டலத்தின் ஊடாக வரும் கதிரொளியில் எந்த அலைநீளம் குறைந்துள்ளது எனக் கண்டு, இடையில் உள்ள பொருளை அறிவதே அம்முறை. 1978இல் ஏவப்பட்ட நிம்பஸ்-7 செயற்கைக்கோளின் ஓசோன் அளவிடுகருவி, மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலை 1982இல் உமிழ்ந்த கந்தக டை ஆக்சைடை அளந்ததும் இந்நெறியின்படியே. ஸ்மித் தரையிலிருந்து மேல்நோக்கினார்; செயற்கைக்கோள் மேலிருந்து கீழ்நோக்குகிறது. கருவியும் திசையும் மாறினும் அடிப்படை ஒன்றே.

3. கம்பியும் காலமும்

1883இல் சென்னைக்குச் செய்தி வர வழியில்லாமல் இல்லை. சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி 1871ஆம் ஆண்டுக்குள் இடப்பட்டுவிட்டது. சிங்கப்பூருக்கும் பத்தாவியாவுக்கும் இடையிலும் தந்தித் தொடர்பு இருந்தது. வெடிப்புச் செய்தி தந்தி வழியாகவே உலகை எட்டியது. அலையைப் பதியும் கருவியும் துறைமுகத்தில் இருந்தது. கருவியையும் கம்பியையும் இணைத்து, கரையில் வாழ்வோருக்கு முன்னறிவிக்கும் ஏற்பாடு மட்டும் இல்லை. அத்தகைய ஏற்பாடு தேவை என்ற எண்ணமும் அன்று உருவாகவில்லை. ஓதமானித் தாள்கள் எடுக்கப்பட்டு, அளக்கப்பட்டு, ஒப்பிடப்பட்ட பின்னரே அலையின் முழு வடிவம் தெரியவந்தது. ஓசை, காற்றழுத்தம், கடலலை, ஒளி ஆகியவை குறித்து உலகெங்கிலுமிருந்து வந்த பதிவுகளைத் தொகுத்து, ஜி. ஜே. சைமன்சைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ராயல் கழகம் 1888இல் அறிக்கை வெளியிட்டது. பதிவுக்கும் முழு அறிவுக்கும் இடையே ஐந்தாண்டுகள் சென்றன.

4. வெப்பத்தை அளக்கும் செயற்கைக்கோள்

கடலலையும் வானொளியும் எரிமலையின் விளைவுகள். எரிமலையின் வெப்பத்தையே தொலைவிலிருந்து அளப்பது செயற்கைக்கோள்களால் இயன்றது. ஐசுலாந்துக்கு அருகிலுள்ள சர்ட்சே தீவின் எரிமலைக் குழம்பை 1966இல் நிம்பஸ்-2 செயற்கைக்கோளின் அகச்சிவப்புக் கருவி பதிந்தது இத்துறையின் தொடக்க நிகழ்வுகளுள் ஒன்று.

இம்முறையின் இயற்பியல் தெளிவானது. ஒரு பொருளின் வெப்பநிலை உயர்ந்தால் அது மிகுதியாகக் கதிர்வீசும் அலைநீளம் குறையும். 300 கெல்வின் வெப்பநிலையுள்ள கடற்பரப்பு 10 மைக்ரோமீட்டரை ஒட்டி மிகுதியாகக் கதிர்வீசும். 1,000 கெல்வின் வெப்பநிலையுள்ள குழம்பு 3 மைக்ரோமீட்டரை ஒட்டி வீசும். பிளாங்க் விதிப்படி கணக்கிட்டால், 4 மைக்ரோமீட்டரில் இக்குழம்பின் கதிர்வீச்சு கடற்பரப்பினதைப் போல நான்காயிரம் மடங்குக்கும் மேலாகும். 11 மைக்ரோமீட்டரில் ஏறத்தாழ 30 மடங்கே. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பைக் குறிக்கும் படப்புள்ளியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 1,000 சதுர மீட்டர், குழம்பாக இருப்பதாகக் கொள்வோம். 4 மைக்ரோமீட்டர் அலைவரிசையில் அப்புள்ளியின் கதிர்வீச்சு ஐந்து மடங்குக்கும் மேலாக உயரும். 11 மைக்ரோமீட்டரில் மூன்று விழுக்காடு அளவே கூடும். இரு அலைவரிசைகளையும் ஒப்பிட்டால், ஒரு புள்ளிக்குள் மறைந்திருக்கும் சிறு குழம்புப் பரப்பையும் இனங்காணலாம்.

1999இல் ஏவப்பட்ட டெர்ரா, 2002இல் ஏவப்பட்ட அக்குவா ஆகிய செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவி இவ்வடிப்படையில் உலகின் எரிமலைகளை நாள்தோறும் நோக்க உதவியது. 2013இல் ஏவப்பட்ட இந்தியாவின் இன்சாட்-3டி செயற்கைக்கோளும் 3.9 மைக்ரோமீட்டர் அலைவரிசையைக் கொண்டது.

இம்முறைக்கு வரம்புகளும் உண்டு. அடர்ந்த மேகம் அகச்சிவப்பை மறைக்கும். வங்கக் கடலில் பருவமழைக் காலம் முழுவதும் இத்தடை நேரும். மேலும், கருவி காண்பது வெப்பத்தையே; எரிமலை என்னும் பெயரை அது தராது. மணலி போன்ற இடங்களில் உள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் எரிசுடரும் இத்தகைய அலைவரிசைகளில் வெப்பப்புள்ளியாகத் தோன்றக்கூடியதே. எனவே புள்ளியின் இருப்பிடம், முந்தைய பதிவு ஆகியவற்றோடு சேர்த்தே அதற்குப் பொருள் கொள்ள வேண்டும். 1883இன் ஓதமானி அலையின் காரணத்தைச் சொல்லாதது போலவே, அகச்சிவப்புக் கருவியும் வெப்பத்தின் காரணத்தைத் தானே சொல்வதில்லை.

5. பாரன் தீவு: இந்தியச் சான்று

போர்ட் பிளேரிலிருந்து (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) ஏறத்தாழ 138 கி.மீ. வடகிழக்கில் உள்ள பாரன் தீவு சுமார் 3 கி.மீ. குறுக்களவு கொண்டது, மக்கள் வாழாதது. கடல்மட்டத்துக்கு மேல் தெரிவது ஒரு பெரிய மலையின் உச்சி மட்டுமே. அதன் அடி 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் உள்ளது. 1787இல் கப்பலிலிருந்து கண்டோர் அதன் செயலைப் பதிந்தனர். 1789இல் ஆர்ச்சிபால்டு பிளேரும் அதனைக் கண்டார். கிரகத்தோவா வெடிப்புக்கு அடுத்த ஆண்டான 1884இல் தீவு அளவிடப்பட்டது. எஃப். ஆர். மாலெட் எழுதிய நூல் 1885இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை வெளியீடாக வந்தது. நூறாண்டுக்கும் மேலாக அடங்கியிருந்த எரிமலை 1991இல் மீண்டும் வெடித்தது; 1994–95இலும் 2005 முதலும் செயல்பட்டது.

1991ஆம் ஆண்டு வெடிப்பு இந்தியத் தொலையுணர்வு வரலாற்றில் தனியிடம் பெறுகிறது. லேண்ட்சாட், நோவா செயற்கைக்கோள்களின் தரவுகளைக் கொண்டு இவ்வெடிப்பை ஆராய்ந்த இந்திய ஆய்வாளர்களின் கட்டுரை 1993இல் வெளிவந்தது. லேண்ட்சாட்டின் குற்றலை அகச்சிவப்புப் படம் 30 மீட்டர் நுணுக்கத்தில் வாயையும் குழம்பு சென்ற வழியையும் காட்டும். ஆனால் 16 நாள்களுக்கு ஒருமுறையே அதே இடத்துக்கு வரும். நோவாவின் படம் ஒரு கிலோமீட்டர் அளவில் மங்கலானது; ஆனால் நாள்தோறும் கிடைக்கும். நுணுக்கமும் நாள்தோறும் கிடைக்கும் தன்மையும் ஒரே கருவியில் அமையாதபோது இரண்டையும் இணைத்துப் பயன்படுத்த வேண்டும் என்பதை இத்தகைய ஆய்வுகள் நிறுவின. நேரடிக் காட்சியும் தேவையற்றுப் போகவில்லை. 2017 சனவரியில் தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் சிந்து சங்கல்ப் கப்பலில் இருந்தோர் தீவு சாம்பலை உமிழ்வதைக் கண்டு, கடலடிப் படிவுகளைச் சேகரித்தனர்.

6. பதிவுக்கும் அறிவிப்புக்கும் இடையே

2004 டிசம்பர் 26 காலை 6.28 மணியளவில் சுமத்திராவுக்கு அப்பால் நிலநடுக்கம் நேர்ந்தது. சுமார் இரண்டு மணி நேரம் கழித்து ஜேசன்-1 செயற்கைக்கோள் இந்தியப் பெருங்கடலைக் கடந்தபோது அதன் உயரமானி நடுக்கடலில் அலையை அளந்தது. சென்னைத் துறைமுக ஓதமானியில் முதல் அலை காலை 9.05 மணியளவில் பதிந்தது. அலை சென்னையை எட்டும் முன்பே வானிலிருந்து அளக்கப்பட்டிருந்தது. ஆனால் அத்தரவு பிறகே பிரித்தாராயப்பட்டது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தனர். 1883இன் கருவியும் கம்பியும் இணையாதிருந்த அதே நிலை, 121 ஆண்டுகளுக்குப் பின் பேரிழப்போடு மீண்டது.

இதன் விளைவாக ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் 2007இல் அமைக்கப்பட்டது. நிலநடுக்கமானிகள், கடலடி அழுத்தமானிகள், ஓதமானிகள் ஆகியவை இதில் இணைந்தன. நிலநடுக்கத்தால் எழும் அலைகளுக்கு இது பெரும் பாதுகாப்பாகும்.

எரிமலையால் எழும் அலை வேறு வகையானது. 2018 டிசம்பர் 22 இரவு, கிரகத்தோவாவின் இடத்தில் எழுந்த அனக் கிரகத்தோவா எரிமலையின் ஒருபக்கச் சரிவு கடலில் சரிந்தது. எச்சரிக்கைக்குத் தூண்டலாகக் கொள்ளப்படும் பெரிய நிலநடுக்கம் எதுவும் முன்னதாக நிகழவில்லை. எனவே எச்சரிக்கை வெளிவரவில்லை. 430க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சரிந்த பகுதி அவ்வாண்டின் தொடக்கத்திலிருந்தே மெல்ல நகர்ந்துவந்ததை ரேடார் செயற்கைக்கோள் தரவுகளும், வெப்பம் மிகுந்திருந்ததை அகச்சிவப்புத் தரவுகளும் காட்டியதாக 2019இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. அறிகுறிகள் முன்பே பதிவாகியிருந்தன. அவற்றின் பொருள் பின்னரே விளங்கியது.

2022 சனவரி 15இல் தொங்கா அருகே வெடித்த ஹுங்கா எரிமலையின் புகைத்தூண் ஏறத்தாழ 57 கி.மீ. உயரம் எழுந்ததைப் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் காட்டின. அதன் காற்றழுத்த அலை, 1883இல் நிகழ்ந்தது போலவே, உலகைச் சுற்றியது. இவ்விரு நிகழ்வுகளும் எச்சரிக்கை ஏற்பாடுகள் நிலநடுக்கத்தை மட்டுமே தொடக்கக் குறியாகக் கொள்ள இயலாது என்பதை உணர்த்தின.

7. வடசென்னைக் கரைக்கு இதன் பொருள்

துறைமுகச் சுவர்கள் தெற்கிலிருந்து வடக்கே நகரும் கடல்மணலைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்க் கரைகள் அரிக்கப்பட்டன. கற்சுவர்களும் கடலுக்குள் நீளும் கல்வரிசைகளும் இன்று அக்கரையைக் காக்கின்றன. காசிமேடு மீன்பிடித் துறைமுகம் முதல் எண்ணூர்க் கழிமுகம் வரை மீனவக் குடியிருப்புகள் கடலையொட்டியே உள்ளன. அவற்றோடு 2001இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகமும் அனல்மின் நிலையங்களும் எண்ணெய்க் கிடங்குகளும் நெருங்கி நிற்கின்றன. மணற்பரப்பு குறைந்த கரையில் அலைக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள தொலைவு குறுகியது. ஆகவே இங்கு முன்னறிவிப்பின் ஒவ்வொரு நிமிடமும் மதிப்புடையது.

பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால் உள்ள ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து 2025 சூலை 30இல் இஸ்ரோவும் நாசாவும் இணைந்து உருவாக்கிய நிசார் ரேடார் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. மேகத்தை ஊடுருவி நிலத்தின் சிறு நகர்வையும் 12 நாள்களுக்கு ஒருமுறை அளக்கும் திறன் கொண்டது அது. எரிமலைச் சரிவுகளின் நகர்வை நோக்குதலும் அதன் பயன்களுள் அடங்கும். ஆயினும் 12 நாள் இடைவெளி, சரிவு நகர்வதை அறியப் போதுமானதே தவிர, அது வீழும் கணத்தை அறியப் போதாது. அக்கணத்தில் உதவக்கூடியவை ஓதமானியும் அழுத்தமானியுமே. அவற்றின் செய்தி ஆட்சி நிலையிலிருந்து குடியிருப்பு வரை தடையின்றிச் செல்ல வேண்டும். ஆகவே புதிய கருவி பழைய கருவியின் இடத்தைப் பிடிப்பதில்லை. இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. ஒன்று, எரிமலையைத் தொலைவிலிருந்து அறியும் வரலாற்றில் 1883ஆம் ஆண்டுச் சென்னைக்கு உரிய இடம் உண்டு. வணிகத்துக்காக வைக்கப்பட்ட ஓதமானியும் கல்லூரி ஒன்றின் நிறமாலைமானியும் இன்றைய தொலையுணர்வின் இரு நெறிகளுக்கு முன்னோடிகளாகின்றன. இரண்டு, எந்த ஒரு கருவியும் தனித்து நின்று காரணத்தை உரைப்பதில்லை. ஓதமானித் தாள்களை ஒப்பிட்ட பெயர்டின் முறையும், இரு செயற்கைக்கோள்களின் தரவுகளை இணைத்த பாரன் தீவு ஆய்வும் இதனை உறுதிப்படுத்துகின்றன. மூன்று, கிரகத்தோவா பதிவுகளைத் தொகுக்க ஐந்தாண்டுகளும், பாரன் தீவு ஆய்வு வெளிவர இரண்டாண்டுகளும் ஆயின. அனக் கிரகத்தோவா குறித்த ஆய்வு ஓராண்டுக்குள் வெளிவந்தது. இக்காலம் சுருங்கிவருவது அறிவியலின் வெற்றி. ஆனால் கரையில் வாழ்வோருக்கு வேண்டிய காலம் மணிகளாலும் நிமிடங்களாலும் அளக்கப்படுவது. எரிமலைக் கண்காணிப்புத் தரவுகளை ஆழிப்பேரலை எச்சரிக்கை ஏற்பாட்டோடு இணைப்பதும், சென்னைத் துறைமுகத்தின் பழைய ஓதமானிப் பதிவுகளை மறுஆய்வுக்கு உட்படுத்துவதும் இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணிகளாகும்.